மோர்ஸும் ஒரு லான்சியாவும்: 20 வருடப் பழக்கத்துக்குப் பிறகு

போன மாதம் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இன்ஸ்பெக்டர் மோர்ஸைப் புத்தகத்தில் ஆரம்பிக்கட்டுமா, தொடரில் ஆரம்பிக்கட்டுமா?" மோர்ஸ், காலின் டெக்ஸ்டர் ஆங்கிலத்தில் எழுதிய துப்பறியும் நாவல்களின் போலீஸ் நாயகன்; அவற்றை வைத்துத் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகும் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் என் குரல் உயர்ந்துவிட்டது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காரணம் ஒரு கார்.

அந்தக் கோபம் எனக்கே புதிது. என்னிடம் இருந்த முதல் மோர்ஸ் நாவல் 'லாஸ்ட் பஸ் டு உட்ஸ்டாக்', பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. மூன்று மாதத்துக்கு முன் அதன் முதுகுப் பசை காய்ந்து, நடுப்பக்கங்கள் கொத்தாகக் கழன்று கையோடு வந்துவிட்டன. பைண்டரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் ஆகும் என்றார். அதுவரை பொறுக்காமல் அதே நாவலின் புதிய பதிப்பு ஒன்றை வாங்கினேன். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ படிக்கும் கதை, பாதி வரிகள் முன்கூட்டியே மனதில் ஓடும். மோர்ஸ் காரில் ஏறும் இடம் வந்தது. ஜாகுவார் என்று இருந்தது.

அப்படியே நிறுத்திவிட்டேன். என் நினைவு தவறாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பைண்டிங் ஆகி வந்ததும் இரண்டு பிரதிகளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பழையதில் லான்சியா. புதியதில் ஜாகுவார். அந்த வாக்கியத்தில் வேறு ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் வேறு பல்லைச் செருகிய மாதிரி இருந்தது. என் கையில் உள்ள புதுப் பிரதியில் இதைப் பற்றி ஒரு அடிக்குறிப்புகூடக் கிடையாது.

மோர்ஸைத் தெரிந்தவர்களுக்கு இது ரகசியம் இல்லை. காலின் டெக்ஸ்டர் ஆரம்ப நாவல்களில் மோர்ஸுக்குக் கொடுத்தது லான்சியா, இத்தாலிய வண்டி. 1987-இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது அடர் சிவப்பு உடலும் கறுப்புக் கூரையும் கொண்ட ஜாகுவார் மார்க் 2 வந்தது. அதன் பதிவு எண் 248 ஆர்பிஏ ரசிகர்களுக்கு மனப்பாடம். அந்தக் கார் அவ்வளவு பிரபலமாகிவிட்டதால் பழைய நாவல்களை மறுபடி அச்சிட்டபோது அவற்றிலும் லான்சியாவை எடுத்துவிட்டு ஜாகுவாரைப் போட்டார்கள். டெக்ஸ்டரின் சம்மதத்தோடுதான் நடந்தது. அவருடைய புத்தகம், அவருடைய கார். சட்டப்படியும் நியாயப்படியும் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 1975-இல் வந்த அந்த முதல் நாவலின் மோர்ஸ் வேறு ஆள். வேகமானவன், பொறுமையில்லாதவன். ஒரு யோசனை வந்தால் அதன் பின்னாலேயே ஓடுவான், பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சுவாங்கினாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். அந்த ஆள் வேகமான ஒரு வெளிநாட்டு வண்டியில் வருவது சரியாகப் பொருந்துகிறது. ஜாகுவார் வேறு கதை சொல்கிறது. பழைய இங்கிலாந்து, தோல் இருக்கைகள், பளபளக்கும் மரம், நேற்றை நினைத்து ஏங்கும் ஒரு நடுவயதுக்காரர். அந்த நடுவயதுக்காரரும் எனக்குப் பிடித்தவர்தான். ஆனால் அவர் 1975-இல் இல்லை. பின்னால் வந்த ஒருவரைக் கொண்டுபோய் முன்னால் இருந்தவரின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு மறுபடி இங்கே வருகிறேன். மொத்தம் 13 நாவல்கள், 1975 முதல் 1999 வரை. எல்லாம் ஆக்ஸ்போர்டிலும் அதைச் சுற்றியும் நடப்பவை. டெக்ஸ்டர் லத்தீன், கிரேக்கம் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர். காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததால் 1966-இல் வகுப்பறையை விட்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்திய பள்ளித் தேர்வு வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1988-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அதாவது பாதிக்கு மேற்பட்ட நாவல்களைப் பகலில் தேர்வு வேலை பார்த்துவிட்டு மாலையில் எழுதியிருக்கிறார். இது தெரிந்த பிறகு எனக்கு அந்த நாவல்கள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. முதல் நாவலில் எழுத்துப் பிழைகள் நிறைந்த ஒரு கடிதம் மோர்ஸ் கையில் கிடைக்கிறது. வேறு யாராக இருந்தாலும் எழுதியவருக்குப் படிப்பு போதாது என்று நினைத்துத் தள்ளி வைப்பார்கள். மோர்ஸ் அந்தப் பிழைகளுக்குள்ளேயே செய்தி இருக்கிறது என்று பார்க்கிறான். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களோடு காலம் கழித்த ஒருவர்தான் பிழையை இவ்வளவு மரியாதையோடு பார்க்க முடியும்.

மூன்றாவது நாவலான 'தி சைலன்ட் வேர்ல்ட் ஆஃப் நிக்கோலஸ் க்வின்' (1977) இன்னும் நெருக்கம். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் அலுவலகம். அங்கே புதிதாகச் சேரும் க்வினுக்குக் காது கேட்காது, உதடுகளின் அசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவன். அறைக்கு அந்தப் பக்கம் இருவர் மெதுவாகப் பேசுவது மற்ற யாருக்கும் கேட்காது, இவனுக்கு மட்டும் தெரிந்துவிடும். அதனால் செத்துப்போகிறான். காது மங்கிய ஒருவர் தேர்வு அலுவலகத்தில் உட்கார்ந்து இதை எழுதினார் என்று நினைத்தால், அந்த அலுவலகக் கூட்டங்களின் நடுவே அவர் எத்தனை உதடுகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு காலம் படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு, ஆரம்பத்தில் நான் எதிர்பார்க்காதது. மோர்ஸ் தப்புப் பண்ணுவான். ஒரு தடவை இல்லை, ஒரே நாவலில் மூன்று நான்கு தடவை. மற்ற துப்பறிவாளர்கள் கடைசியில் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி வைத்து விளக்கம் சொல்வார்கள். மோர்ஸ் அந்த விளக்கத்தைப் பாதிக் கதையிலேயே சொல்லிவிடுவான். சங்கிலி மாதிரி ஒவ்வொரு கண்ணியும் பொருந்தும், நாமும் நம்பிவிடுவோம், அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் சார்ஜென்ட் லூயிஸ் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் காலையில் ஒரு சின்னத் தகவல் வந்து அவ்வளவும் சரிந்துவிடும். 'லாஸ்ட் சீன் வேரிங்' (1976) முழுக்க இப்படித்தான். பள்ளிக்குக் கிளம்பிய ஒரு பெண் காணாமல் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறாள் என்று அவள் பெயரில் ஒரு கடிதம் வருகிறது. மோர்ஸ் அவள் செத்துவிட்டாள் என்று அடித்துச் சொல்கிறான். அப்புறம் இல்லை, உயிரோடு இருக்கிறாள் என்கிறான். அதற்கப்புறம்...

குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். டெக்ஸ்டர் இங்கிலாந்தின் மிகக் கடினமான குறுக்கெழுத்துப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். மோர்ஸ், லூயிஸ் என்ற பெயர்களே அந்த வட்டத்தில் அவருக்குத் தெரிந்த இருவருடையவை. ஒரு கட்டத்தில் தப்பான விடையை எழுதிவிட்டால், அதோடு சேரும் மற்ற சொற்களும் கொஞ்ச நேரம் பொருந்துவது போலவே தோன்றும். அந்த நேரம்தான் சுகம். எத்தனை தடவை படித்தாலும் கொலையாளி யார் என்ற விஷயம் ஒரு முறையோடு தீர்ந்துவிடுகிறது. ஆனால் மோர்ஸின் தவறான கோட்டைகள் தீருவதில்லை. ஒவ்வொரு மறுவாசிப்பிலும் எந்த இடத்தில் கல் தப்பாக வைக்கப்பட்டது என்று பார்ப்பேன். இந்தப் புத்தகங்கள் என் அலமாரியில் நிலைத்து இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். முதல் ஏழு நாவல்களில் பெண்களைப் பார்க்கும் பார்வை எனக்குப் பல இடங்களில் பிடிக்கவில்லை. முதல் நாவலில் இரவில் பேருந்துக்குக் காத்திருந்து, கிடைக்காமல் வழிப்போக்குக் காரில் ஏறிப் போன ஒரு பெண் கொலையாகிறாள். அவளுடைய உடையைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் புத்தகம் பேசும் தொனி 20 வருடத்துக்கு முன்பே எனக்கு உறுத்தியது, இப்போது இன்னும் அதிகமாக உறுத்துகிறது. மோர்ஸும் ஆபாசப் பத்திரிகைகள் மேல் கண் போகும் ஆள்தான். லூயிஸிடம் கஞ்சத்தனம் வேறு. பீருக்கு எப்போதும் லூயிஸ்தான் காசு கொடுக்க வேண்டும். லான்சியாவில் வந்த மோர்ஸ் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. அவன் அப்படித்தான் எழுதப்பட்டான், அதை அப்படியே விட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

தொடருக்கு வருகிறேன். 1987 ஜனவரி 6 அன்று முதல் படம், 2000 நவம்பர் 15 அன்று கடைசி. மொத்தம் 33, ஒவ்வொன்றும் விளம்பரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரம். நான் எல்லாவற்றையும் குறைந்தது மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஜான் தா மோர்ஸாக வந்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாக உணர்கிறேன். அதற்கு முன் 'தி ஸ்வீனி' தொடரில் கைமுட்டியோடு பேசும் முரட்டு போலீஸ்காரராக வந்தவர். அவரை எடுத்து, வாக்னர் கேட்கும், ஹவுஸ்மன் கவிதை சொல்லும், ரத்தத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு ஆளாக மாற்ற யாருக்குத் தோன்றியதோ அவருக்கு நன்றி. அந்த முரட்டுத்தனம் உள்ளேயே இருக்கிறது. 'லூயிஸ்!' என்று கூப்பிடும் ஒற்றைச் சொல்லில் கோபம், அவசரம், பாசம் மூன்றும் வரும்.

முதல் படமான 'தி டெட் ஆஃப் ஜெரிகோ' ஒரு கார் கொட்டகையில் நடக்கும் போலீஸ் சோதனையோடு தொடங்குகிறது. வழியை மறித்து நிற்கும் ஜாகுவார் மேல் இன்னொரு வண்டி வந்து மோதும். அந்த நசுங்கலைப் பார்க்கும் தாவின் முகம்! கூடவே மோர்ஸ் பாட்டுக் குழுவில் நின்று பாடுகிறான். பக்கத்தில் பாடும் பெண்ணோடு மெதுவாக ஒரு நட்பு தொடங்குகிறது. அது எங்கே போய் முடியும் என்று தெரிந்தே பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. நாவலில் அவர்கள் சந்திப்பது ஒரு விருந்தில். பாட்டுக் குழுவாக மாற்றியவர் திரைக்கதை எழுதிய ஆந்தனி மிங்கெல்லா. இந்த மாற்றத்தில் எனக்குக் கோபமே இல்லை, ஏனென்றால் அது படத்துக்குள் செய்த மாற்றம். புத்தகத்தில் விருந்து இன்னும் விருந்தாகவே இருக்கிறது.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாரிங்டன் ஃபெலங் அமைத்த அந்த முகப்பு இசையின் அடியில் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். பல வருடம் அதை வெறும் தாளம் என்றே கேட்டேன். அது மோர்ஸ் தந்திக் குறியீடு, எம்-ஓ-ஆர்-எஸ்-இ என்று அவன் பெயரையே சொல்கிறது என்று தெரிந்த அன்று மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தேன். நெடில் நெடில். நெடில் நெடில் நெடில். குறில் நெடில் குறில். குறில் குறில் குறில். குறில். கடைசி ஒற்றைத் தட்டு வந்து நிற்கும் இடத்தில் கை தானாக நிற்கும். இப்போதும் பேருந்துக்கு நிற்கும்போது கம்பியில் தட்டிக்கொண்டு நிற்பேன். சில படங்களில் கதைக்கான துப்புகளையும் ஃபெலங் இதே முறையில் இசைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். குறுக்கெழுத்துக்காரரின் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான இசை அமைய முடியாது.

டெக்ஸ்டரே பெரும்பாலான படங்களில் எங்காவது ஒரு மூலையில் வந்து போவார். அவரைத் தேடுவது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். என் அம்மா இருந்தவரை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். "அதோ, குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் பார், உன் வாத்தியார்" என்பார்.

தொடரில் குறை என்றால் ஒன்றுதான், அது பெரியது. மோர்ஸின் தவறுகள் சுருங்கிவிட்டன. தவறான முடிவுக்கு அவன் வருவான், ஆனால் நாவலில் 60 பக்கம் எழும்பி நிற்கும் கோட்டை படத்தில் இரண்டு வசனத்தில் எழும்பி ஒரு காட்சியில் விழுந்துவிடும். நாம் நம்புவதற்கு நேரமே இல்லை. 'லாஸ்ட் சீன் வேரிங்' படம் (1988) நாவலை நிறையவே மாற்றிவிட்டது. நாவலில் அரசுப் பள்ளி, படத்தில் வசதியான பெண்கள் பள்ளி. மோர்ஸ் சறுக்கிச் சறுக்கி எழும் அந்த நீளம் காணோம். அதே போல ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் டெக்ஸ்டர் வைக்கும் மேற்கோள்களும் படத்துக்கு வர வழியில்லை. அவற்றில் சில அவரே இட்டுக்கட்டியவை. எது உண்மை, எது அவருடையது என்று தேடிக்கொண்டிருப்பதே எனக்குத் தனிச் சந்தோஷம்.

இப்போது காருக்குத் திரும்புகிறேன். பிரதிகளை ஒப்பிட்ட அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொடர் ஆரம்பித்த 1987-க்கு முன் வந்தவை ஏழு நாவல்கள். பின் வந்தவை ஆறு. அந்த ஆறையும் எழுதும்போது டெக்ஸ்டரின் காதில் தாவின் குரல் கேட்டிருக்கும், கேட்காமல் இருந்திருக்க முடியாது. லூயிஸையே பாருங்கள். முதல் நாவலில் லூயிஸ் மோர்ஸைவிட மூத்தவர், வேல்ஸ்காரர், ஒரு காலத்தில் குத்துச்சண்டை போட்டவர். தொடரில் கெவின் வேட்லி இளைஞராக, வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்துப் பேச்சோடு, சின்னக் குழந்தைகளின் அப்பாவாக வந்தார். பிந்தைய நாவல்களில் லூயிஸ் மெல்ல மெல்ல வேட்லியாக மாறுகிறார். வயது குறைகிறது, வேல்ஸ் மறைகிறது. மூத்தவர் ஒருவரை அதட்டும் மோர்ஸும், மகன் வயதில் இருப்பவரை அதட்டும் மோர்ஸும் ஒரே ஆள் இல்லை. முதலாவது உறவில் ஒரு கூச்சம் உண்டு. இரண்டாவதில் ஒரு தகப்பன் பாசம் ஒளிந்திருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த ஆறு நாவல்கள்தான் சிறந்தவை. தொடர் டெக்ஸ்டரை நல்ல எழுத்தாளராக்கியது என்றுகூடச் சொல்வேன். 'தி வென்ச் இஸ் டெட்' (1989) எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. வயிற்றுப் புண்ணோடு மோர்ஸ் மருத்துவமனையில் படுத்திருக்கிறான். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் இறந்துபோக, அவருடைய மனைவி அவர் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தை மோர்ஸிடம் கொடுக்கிறாள். 1859-இல் ஆக்ஸ்போர்டு கால்வாயில் படகில் பயணம் செய்த ஜோன்னா ஃபிராங்க்ஸ் என்ற பெண்ணின் கொலை. படகோட்டிகளைத் தூக்கில் போட்டு முடித்துவிட்ட வழக்கு. மோர்ஸ் படுக்கையில் இருந்தபடியே அந்தத் தீர்ப்பு தப்பு என்று சந்தேகப்படுகிறான். 1839-இல் உண்மையில் நடந்த கிறிஸ்டினா காலின்ஸ் என்ற பெண்ணின் கொலையை வைத்து டெக்ஸ்டர் இதை எழுதினார். துரத்தல் இல்லை, கார் இல்லை, ஒரு நோயாளியும் ஒரு புத்தகமும் மட்டும். அந்த ஆண்டின் சிறந்த குற்ற நாவலுக்கான தங்கக் குறுவாள் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. இதைப் படமாக்கியபோது (1998) அதில் லூயிஸ் வரவில்லை, வேட்லி நடிக்கவில்லை. அந்த ஒரு படம் எனக்கு எப்போதும் உப்பில்லாத சாப்பாடாகத்தான் இருக்கிறது.

பெயர் விஷயமும் இந்த ஆறில்தான். மோர்ஸின் முதற்பெயர் என்ன என்று 20 வருடம் சொல்லாமல் வைத்திருந்து 1996-இல்தான் டெக்ஸ்டர் வெளியிட்டார். எண்டெவர். கேப்டன் குக்கின் கப்பலின் பெயர். அடுத்த ஆண்டு வந்த படத்தில் மோர்ஸ் அதை ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பாகவே சொல்கிறான்: என் வாழ்நாள் முயற்சி எல்லாம் 'அரவுண்ட் ஈவ்', அதாவது ஏவாளைச் சுற்றியே, ஒன்பது எழுத்து என்று. முயற்சி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அதே பெயர் வரும். காகிதத்தில் எழுதி ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கடைசிப் படம் 'தி ரிமோர்ஸ்ஃபுல் டே'. ஹவுஸ்மனின் கவிதையிலிருந்து எடுத்த தலைப்பு. மாலை வெயிலில் லூயிஸ் பக்கத்தில் இருக்க, மோர்ஸ் அதைச் சொல்கிறான். தொடவும் காணவும் கேட்கவும் எட்டாத தூரத்தில், மண்ணுக்கு அடியில், வருந்தும் அந்தப் பகல் விழுகிறது என்று வரும். பிறகு கல்லூரி முற்றத்தில், ஃபோரேயின் இரங்கல் இசை பாடப்படும்போது, புல்வெளியில் சாய்ந்துவிடுகிறான். லூயிஸுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்பது அவனுடைய கடைசிப் பேச்சு. பிணவறையில் வேட்லி குனிந்து அவன் நெற்றியில் முத்தமிடுவார். 2002 பிப்ரவரியில் ஜான் தாவும் இறந்துவிட்டார், 60 வயதுதான். அதனால் அந்தக் காட்சியை நடிப்பாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. முதல் தடவை பார்த்த இரவு தூங்கவில்லை. போன வருடம் பார்த்தபோதும் அதேதான்.

பின்னால் வந்த இரண்டு தொடர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'லூயிஸ்' (2006 முதல் 2015 வரை) வேட்லிக்காகப் பார்க்கலாம், மனைவியை இழந்து தனியாக நிற்கும் அந்த லூயிஸ் மனதில் நிற்பார். 'எண்டெவர்' (2012 முதல் 2023 வரை) 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இருந்த இளம் மோர்ஸ். ஷான் எவன்ஸ் தாவைப் போலி செய்யாமல் நடித்தது பெரிய விஷயம். ரோஜர் அல்லம் நடித்த மேலதிகாரி தர்ஸ்டேயின் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்காமலே, கிழமையை வைத்து உள்ளே என்ன சாண்ட்விச் என்று மோர்ஸ் சொல்லும் இடங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் பத்திரிகை ஆசிரியராக வருபவர் தாவின் மகள் அபிகேல். பாத்திரத்தின் பெயர் டி. ஃபிரேசில். ஃபிரேசில் என்றால் நீரில் மிதக்கும் ஒரு வகைப் பனி. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு முன்னால் 'டி' சேர்த்தால் நீக்குவது என்று பொருள் வரும். பனியை நீக்கினால் உருகும், அதாவது ஆங்கிலத்தில் 'தா'. டெக்ஸ்டர் ரசித்திருப்பார்.

இவ்வளவும் எழுதிப் பார்த்தால் தராசு தொடர் பக்கம்தான் சாய்கிறது. நல்ல நாவல்கள் தொடருக்குப் பின் வந்தவை, மோர்ஸின் முகமும் குரலும் தா கொடுத்தவை, அவனுடைய கண்ணியம்கூடத் தொடரில் வந்ததுதான். ஆரம்ப நாவல்களின் அசிங்கமான பக்கங்களை நானே ஒத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: தொடரைப் பார்க்காதே. இப்போதைக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். முதல் ஏழு நாவல்களையும், பழைய பதிப்பில், எழுதிய வரிசையில் படி. தாவின் குரல் ஒரு முறை காதில் விழுந்துவிட்டால் பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அவர்தான் பேசுவார். அதற்கு முன் இருந்த ஆளைச் சந்திக்க உனக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை. நான் முதலில் தொடரைத்தான் பார்த்தேன். லான்சியா என்ற அந்த ஒரு சொல்தான், வேறொருவன் இங்கே இருந்தான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் அழித்துவிட்டால் எப்படி?

பைண்டிங் ஆன பிரதியைப் பிரவுன் காகிதத்தில் அட்டை போட்டு அவளிடம் கொடுத்தேன். மெதுவாகத் திருப்பிக் கொடு என்றேன். திங்கட்கிழமை காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் கேட்டாள்: "அக்கா, இந்த லான்சியா பார்க்க எப்படி இருக்கும்?"

தேடிப் பார்க்காதே, முடித்துவிட்டு வா என்றேன். 112-ஆம் பக்கத்தில் இருக்கிறாளாம்.